அவையில் எழும் குரல்: ‘முகல்-ஏ-ஆசம்’ மேடையாக்கமும் தொண்டைமண்டலக் கூத்தரங்கும்

ஆய்வுச் சுருக்கம்

கே. ஆசிப் இயக்கி 1960இல் வெளிவந்த ‘முகல்-ஏ-ஆசம்’ என்னும் இந்தி–உருதுத் திரைப்படம், 2016இல் பெரோஸ் அப்பாஸ் கானின் இயக்கத்தில் மும்பையில் இசை நாடகமாக மேடையேறியது. அதன் வெற்றிக்கு மேடையமைப்பின் பிரம்மாண்டமே காரணம் என்பது பரவலான கருத்து. நடிப்பவரின் உடலுக்கே பாடும் குரலைத் திருப்பித் தந்ததே அம்மேடையாக்கத்தின் உண்மையான பேறு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடும், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடத்தை ஒட்டிய ஊர்களில் நிகழும் பாரதக் கூத்தோடு ஒப்பிட்டும் அப்பேற்றின் அளவும் எல்லையும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தழுவல், இசை நாடகம், பின்னணிக் குரல், மெய்ப்பாடு, பாரதக் கூத்து, துகிலுரிதல், கட்டியக்காரன்.

1. முன்னுரை

தமிழில் நாடகம் திரைப்படமான வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசை நாடக மரபு தொடக்ககாலப் பேசும்படங்களுக்குக் கதையையும் பாட்டையும் நடிகரையும் வழங்கியது. மேடையில் புகழ்பெற்றிருந்த ‘பவளக்கொடி’ 1934இல் படமானது, எம். கே. தியாகராஜ பாகவதர் மேடைக் குரலோடு திரைக்குள் நுழைந்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மேடையில் வெற்றி பெற்ற பிறகே 1959இல் திரைக்கு வந்தது. இதற்கு எதிர்த்திசையில், அதாவது திரையிலிருந்து மேடைக்கு நிகழும் பயணம் தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை. பெரும்புகழ் பெற்ற திரைப்படம் ஒன்று முழுநீள இசை நாடகமாக மறுபிறப்பெடுத்தமைக்கு இந்திய அளவில் முதன்மைச் சான்றாக நிற்பது ‘முகல்-ஏ-ஆசம்’ மேடையாக்கமே.

இக்கட்டுரையாளரின் ஆய்வுக்களம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளை ஒட்டிய ஊர்களின் கூத்து நிகழ்வுகளாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது முதலாக, ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இந்நிலப்பரப்பு இடைவிடாது இயங்கும் தொழிற்சாலைகளின் நிலமாகியுள்ளது. ஆயினும் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்கினி வசந்த விழாவும் அதனோடு பிணைந்த பாரதக் கூத்தும் இவ்வட்டாரத்தில் வழக்கொழியவில்லை. பெருந்தொழிற் குழுமம் ஒன்றின் முதலீட்டில் உருவான மும்பை மேடையையும், ஊர்ப்பொதுவில் வரிபோட்டு நிகழ்த்தும் கூத்தரங்கையும் அருகருகே வைத்து நோக்குவது பொருந்துமா என்ற கேள்வி எழலாம். இரண்டின் மையத்திலும் ஒரே காட்சி உள்ளது: அரசவையின் நடுவே தனித்து நிற்கும் பெண் வாய் திறக்கிறாள். அவ்வாயிலிருந்து வரும் குரல் யாருடையது என்பதே இவ்வொப்பீட்டின் அடிப்படை வினா.

2. மேடையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து மேடைக்கு

அனார்கலி கதைக்கு முகலாய அரசவை ஆவணங்களில் சான்றில்லை. அபுல் பசலின் அக்பர் நாமாவும் ஜஹாங்கீரின் தன்வரலாற்றுக் குறிப்புகளும் அவளைப் பேசவில்லை. பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லாகூர் வந்த ஆங்கில வணிகர் வில்லியம் பிஞ்சின் குறிப்புகளிலும், லாகூரில் அவள் பெயரால் வழங்கும் கல்லறையைச் சூழ்ந்த வாய்மொழி மரபிலும் இக்கதை உயிர்த்திருந்தது. 1922இல் இம்தியாஸ் அலி தாஜ் உருதுவில் இயற்றிய ‘அனார்கலி’ நாடகமே கதைக்கு நிலைத்த வடிவத்தைத் தந்தது. அந்நாடகத்திலிருந்து மௌனப்படங்களும் பேசும்படங்களும் கிளைத்தன. அவ்வரிசையின் உச்சமே ஆசிப்பின் திரைப்படம். ஆகவே 2016இல் நிகழ்ந்ததை மேடைக்குத் திரும்பிய பயணம் என்று கொள்வதே பொருந்தும்.

1940களில் தொடங்கப்பட்ட ஆசிப்பின் முயற்சி, நாட்டுப் பிரிவினையால் தடைபட்டு, ஷாபூர்ஜி பல்லோன்ஜியின் பொருளுதவியால் மீண்டும் உயிர்பெற்று, 1960 ஆகஸ்டில் திரைக்கு வந்தது. பிருத்விராஜ் கபூர் அக்பராகவும் திலீப் குமார் சலீமாகவும் மதுபாலா அனார்கலியாகவும் நடித்தனர். இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயூனி. பெரும்பகுதி கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டுச் சில பகுதிகள் மட்டும் வண்ணத்தில் அமைந்த இப்படம், 2004இல் முழுவதும் வண்ணமூட்டப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது.

2016 அக்டோபரில் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் இசை நாடகம் அரங்கேறியது. படத்தைத் தயாரித்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமமே அம்மையத்தோடு இணைந்து இதனையும் தயாரித்தது. மயூரி உபாத்யாயாவின் நடன அமைப்பில் கதக் நடனக் குழுவினர் பெருந்திரளாகப் பங்கேற்றனர். ஆடை வடிவமைப்பு மணீஷ் மல்ஹோத்ரா. கணினிவழி ஒளிப்படிமங்கள் அரண்மனையாகவும் போர்க்களமாகவும் மாறின. உருது உரையாடலின் ஆங்கில வடிவம் எழுத்துத்திரையில் ஓடியது. அனார்கலி பாத்திரத்தை மாறி மாறி ஏற்ற பிரியங்கா பர்வே, நேஹா சர்கம் இருவரும் முறையாக இசை பயின்றவர்கள். மேடையில் தம் குரலிலேயே பாடினர். இந்த இறுதிக் கூறு விளம்பரங்களில் ஒரு சிறப்பம்சமாக இடம்பெற்றது. இக்கட்டுரை அதனை மையக்கூறாகக் கொள்கிறது.

3. கண்ணாடி மாளிகை: மருட்கையும் தறுகண்ணும்

திரைப்படத்தின் புகழ்பெற்ற பகுதி ஷீஷ் மஹால் பாடற்காட்சி. அக்பரின் முன்னிலையில் ஆடப் பணிக்கப்பட்ட அனார்கலி, அரசருக்கு அஞ்சாது தன் காதலை அவையறியப் பாடுகிறாள். கூரையிலும் சுவரிலும் பதித்த எண்ணற்ற கண்ணாடிச் சில்லுகளில் அவள் உருவம் பல்கிப் பெருகுகிறது. அக்பர் எத்திசை நோக்கினும் அவளே தெரிகிறாள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு உரைக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்று ‘இறை’. அரசரும் தந்தையும் இச்சொல்லுள் அடங்குவர் என்பது உரைமரபு. சலீமுக்கு அக்பர் தந்தை, அனார்கலிக்கு அரசர். ஆகவே இப்பாடற்காட்சியின் களம் இறைவழிப்பட்ட அச்சம் ஆகும். அதனை எதிர்கொள்ளும் மெய்ப்பாடு, தறுகண்மையிலிருந்து பிறக்கும் பெருமிதம். கதைப்போக்கு வேண்டுவது இதுவே.

ஆனால் திரைப்படம் பார்வையாளரிடத்து முதன்மையாக எழுப்புவது மருட்கை. மருட்கைக்குச் சொல்லப்பட்ட நிலைக்களன்களுள் புதுமையும் பெருமையும் அடங்கும். பன்மடங்காகப் பெருகும் பிம்பம், கறுப்பு-வெள்ளையிலிருந்து திடீரெனப் பொங்கும் வண்ணம், அரங்கமைப்பின் பேரளவு ஆகியவை வியப்பை விளைவிக்கின்றன. காட்சியின் கருத்து தறுகண். காட்சியின் அனுபவம் மருட்கை. இவ்விடைவெளி ஏன் தோன்றுகிறது?

அஞ்சாமல் பேசுவதாகக் காட்டப்படும் பெண், திரையில் ஒருவர் அல்லர். முகம் மதுபாலாவுடையது, குரல் லதா மங்கேஷ்கருடையது. கடினமான சுழற்சிகளில் மதுபாலாவின் முகமூடி அணிந்த ஆண் நடனக் கலைஞர் ஒருவர் ஆடியதாகத் திரைப்பட வரலாற்றுப் பதிவுகள் குறிக்கின்றன. மூவரின் உழைப்பைத் தொகுத்து ஒரு பெண்ணாகக் காட்டுவது திரைப்பட நுட்பத்தின் அருஞ்செயல்; அதில் குறை காண இடமில்லை. எனினும் அவையில் நிற்கும் உடல், அச்சொற்களைச் சொல்வதன் விளைவைத் தானே தாங்குவதில்லை. அந்த இடத்தைக் கண்ணாடிகள் நிரப்புகின்றன.

மேடையில் இந்நுட்பங்கள் கைகொடுப்பதில்லை. அண்மைக் காட்சியும் படத்தொகுப்பும் அங்கு இல்லை. ஒளிப்படிமம் கண்ணாடியைச் சித்திரிக்கலாம்; திரைக் கண்ணாடியின் ஆழத்தை அதனால் தர இயலாது. ஆகவே மேடைக்காட்சி பாடுபவரின் மூச்சின்மேல் வந்து நிற்கிறது. ஆடிக்கொண்டே பாடுபவருக்கு மூச்சு இரைக்கும், சுருதி விலகக்கூடும், ஒவ்வொரு நிகழ்விலும் தோல்விக்கான வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பே காட்சியின் பொருளாகிறது. அரசர்முன் பிழைபடக்கூடிய ஒருத்தி பிழைபடாது நிற்பதைப் பார்வையாளர் தம் கண்முன் காண்கிறார். திரையில் கருத்தாக இருந்த தறுகண் மேடையில் நிகழ்வாகிறது. ஆடையும் ஒளிப்படிமமும் நடனக் கூட்டமும் திரைப்படத்தின் மருட்கையோடு போட்டியிட்டுப் பெரும்பாலும் பின்தங்குகின்றன. தனிக்குரல் எழும் இடத்தில் மேடை திரையை விஞ்சுகிறது.

4. தமிழ் ‘அக்பர்’: இருமுறை பிரிந்த குரல்

தமிழ்ப் பார்வையாளருக்கு இக்குரற்சிக்கல் கூடுதல் பொருளுடையது. இப்படம் 1961இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் தமிழ் மொழிமாற்றுப் படமாக வெளிவந்தது. பாடல்களைத் தமிழில் யாத்தவர் கவிஞர் கம்பதாசன். அனார்கலிக்குப் பாடியவர் பி. சுசீலா. வணிக வெற்றி கிட்டாததால் அப்படம் விரைவில் நினைவிலிருந்து மங்கியது. அதன் பாடல்கள் மட்டும் வானொலி வழியாகத் தனியே வாழ்ந்தன.

இந்தி வடிவில் மதுபாலாவின் உடலிலிருந்து பாட்டுக்குரல் பிரிந்திருந்தது. தமிழ் வடிவில் பேச்சுக்குரலும் பிரிந்தது. வாயசைவு ஒரு மொழியிலும் ஒலி மற்றொரு மொழியிலுமாக, தமிழ் அனார்கலி இருமுறை குரல் இழந்தவள். அப்படம் தோற்றமைக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் படம் மறைந்தும் பாட்டு நிலைத்தது என்ற செய்தி, குரலும் உடலும் எவ்வளவு எளிதில் பிரிந்து வாழக் கற்றுக்கொண்டன என்பதை உணர்த்துகிறது.

இப்பிரிவு தமிழுக்குத் தொடக்கமுதல் உரியதன்று. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நடித்துப் பாடிய மேடையில் பாடாத நடிகருக்கு இடமில்லை. 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ தமிழில் பின்னணிக் குரலின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது. அதன்பின் இரு பத்தாண்டுகளுக்குள் பாடும் நடிகர் என்னும் வகை அருகியது. திரையிசையை மேடைக்குக் கொண்டுசெல்லும் மெல்லிசைக் கச்சேரியும் இப்பிரிவை உறுதிப்படுத்தியது: அங்குக் குரல் உண்டு, கதைமாந்தர் இல்லை. விழாக்களில் ஒலிப்பதிவுக்கு ஆடும் நடனத்தில் உடல் உண்டு, குரல் இல்லை. திரைப்படம் தமிழ் மேடைக்குத் திரும்பியபோதெல்லாம் பாதியாகவே திரும்பியது எனலாம்.

5. கூத்தரங்கில் திரௌபதி

குரலும் உடலும் பிரியாத மேடை தொழில்வழித்தடத்து ஊர்களின் பாரதக் கூத்தில் இன்றும் உள்ளது. அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவுசெய்யும். கூத்திரவுகளுள் மக்கள் மிகுதியாகக் கூடும் ஒன்று துகிலுரிதல். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றுக்கு மேலாக ஒலிக்கும் உச்சக்குரலில் திரௌபதி வேடதாரி விருத்தம் பாடி அவையோரை வினவுகிறார்: தன்னைத் தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமையுடையவனா?

இக்காட்சிக்கும் ஷீஷ் மஹால் காட்சிக்கும் உள்ள அமைப்பு ஒற்றுமை வெளிப்படை. இரண்டிலும் அவை அமர்ந்திருக்கிறது, பெண் நிற்கிறாள், அவளிடம் குரலன்றி வேறு கருவி இல்லை. பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியையும் இவ்வரிசையில் வைக்கலாம். வேறுபாடு பாடும் முறையில் உள்ளது. கூத்தர் ஆடையணிகளின் சுமையோடு இரவு முழுதும் தம் தொண்டையால் பாடுகிறார். விடியலில் குரல் கம்மும். அந்தக் கம்மலைக் குறையென யாரும் கருதுவதில்லை. திரௌபதி பட்ட பாட்டின் அடையாளமாகவே கேட்கின்றனர். துச்சாதன வேடதாரி, துகிலில் கைவைக்கும் முன் அம்மனை வணங்கிப் பொறுத்தருள வேண்டுவதும் உண்டு. மேடையில் நிகழ்வது வெறும் பாவனையன்று என்ற உணர்வு நடிப்பவருக்கும் காண்பவருக்கும் பொதுவாக இருக்கிறது.

கூத்தை மாசற்ற மரபாகப் போற்றி மும்பை மேடையைத் தாழ்த்துவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. கூத்திலும் ஒலிவாங்கி நுழைந்துவிட்டது, திரைமெட்டுகள் கலந்துள்ளன. அனைத்திற்கும் மேலாக, திரௌபதியாகப் பாடுபவர் வழிவழியாக ஆணே. குரலும் உடலும் ஒருவருடையவை. ஆனால் அவ்வொருவர் பெண் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலம் சிறுமியருக்கும் பயிற்சி அளித்தது இவ்வகையில் வரலாற்றுச் சிறப்புடையது. ஆயினும் ஊர்விழாக் கூத்தில் பெண் கலைஞர் இன்றும் அரியர். இந்த ஓரிடத்தில் மும்பை மேடை முந்தி நிற்கிறது: அனார்கலியின் சொல்லைப் பெண் ஒருவரே தம் உடலோடும் குரலோடும் ஏற்கிறார்.

தொழில்வழித்தடத்தில் இவ்வினா கலையோடு நிற்பதில்லை. மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகளில் பணியாற்றுவோருள் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அவையில் பெண்குரல் எழுவது இந்நிலத்துக்குப் பழங்கதை மட்டுமன்று. அக்குரல் எழும்போது அது எவருடைய வாயிலிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை இங்குள்ள பார்வையாளருக்கு உண்டு.

6. எழுத்துத்திரையும் கட்டியக்காரனும்

மேடையாக்கம் எதிர்கொண்ட மற்றொரு சிக்கல் மொழி. திரைப்படத்தின் உருது, இந்தி அறிந்தோருக்கும் எளிதன்று. அவ்வுரையாடலின் ஓசைநயத்தைச் சிதைக்காமல் காத்தது இயக்குநரின் துணிவைக் காட்டுகிறது. பொருளுணர்த்தும் பணி எழுத்துத்திரையிடம் விடப்பட்டது. ஆனால் எழுத்தைப் படிக்கும் கண் நடிப்பவரை விட்டு விலகுகிறது. குரலை உடலுக்குத் திருப்பித் தந்த மேடை, பார்வையை உடலிலிருந்து விலக்குவது ஒரு முரண்.

கூத்தில் இப்பணியைக் கட்டியக்காரன் செய்கிறான். அரசன் விருத்தத்தில் பாடியதை அவன் பேச்சுவழக்கில் கேள்வியாக்குகிறான், கேலி செய்கிறான், ஊர்ச்செய்தியோடு இணைக்கிறான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி நேரே களத்துக்கு வருபவருக்கு, விடுபட்ட கதையை மூன்று வரியில் சொல்லி உள்ளிழுத்துக்கொள்பவன் அவனே. அவன் விளக்கவுரை மேடையிலுள்ள ஓர் உடலிலிருந்தே வருவதால் கண் விலகுவதில்லை. தொழில்வழித்தடத்தில் பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசத் தொழிலாளர்களும் பெருமளவில் வாழ்கின்றனர். பன்மொழிப் பார்வையாளரைக் கொண்ட மேடை இங்கு உருவாகுமானால், அது கட்டியக்காரனிடம் கற்க வேண்டியது மிகுதி.

7. மாறாத முடிவு

மேடைக்குத் திரும்பிய கதை, முடிவை மட்டும் திரையிடமிருந்தே பெற்றுக்கொண்டது. தாஜின் நாடகத்தில் அனார்கலி உயிரோடு சுவரெழுப்பிப் புதைக்கப்படுகிறாள். அரசதிகாரத்தின் கொடுமை மறைப்பின்றி நிற்கிறது. ஆசிப்பின் திரைப்படத்தில் அக்பர், அவள் தாய்க்கு முன்பு அளித்த வாக்கைக் காக்கும்பொருட்டுச் சுரங்கவழியாக அவளை உயிர்தப்பச் செய்கிறார். உலகம் அவளை இறந்தவளாகவே அறியும். அரசரின் நீதி காக்கப்படுகிறது. அவள் பெயர் அழிகிறது. விடுதலை பெற்ற நாடு தன் பேரரசரை அறவோராகக் காண விரும்பிய காலத்தின் தேவை இம்மாற்றத்தில் தெரிகிறது.

திரைப்படத்தின் கதையமைப்பைப் பின்பற்றும் மேடையாக்கம், 1922 நாடகம் விட்டுச்சென்ற வினாவை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவையில் அஞ்சாது பாடியவள் இறுதியில் அரசர் அருளால் வாழ்பவளாகிறாள். தறுகண்ணால் ஈட்டிய பெருமிதத்தை நாடகத்தின் இறுதிப்பகுதி அரசருக்கு ஒப்படைத்துவிடுகிறது. பாரதக் கூத்தில் திரௌபதியின் வினாவுக்கு அவை விடையளிப்பதில்லை. ஆயினும் அவ்வினா படுகளம் வரை தொடர்ந்து, துரியோதனனின் மண்ணுருவம் வீழும் காலையில் கூந்தல் முடிப்பதாக முடிவுறுகிறது. குரல் எழுப்பியவளிடமே முடிவும் திரும்பி வருகிறது. தழுவல் என்பது மூலத்தின் பாட்டையும் அணியையும் காப்பதோடு அமையாது. மூலம் தன் காலத்துக்கு அஞ்சி விட்டுவிட்டதை மீட்பதும் அதன் கடமையாகும். இம்மேடையாக்கம் அக்கடமையில் பாதியையே நிறைவேற்றியது.

8. முடிவுரை

‘முகல்-ஏ-ஆசம்’ மேடையாக்கத்திலிருந்து தமிழ் அரங்கு பெறத்தக்கவை பின்வருமாறு அமைகின்றன.

திரைப்படத்தை மேடையாக்குவோர் திரையின் மருட்கையோடு போட்டியிடுவது பயனற்றது. மேடைக்கு மட்டும் இயல்வது, நடிப்பவரின் மூச்சும் பாட்டும் ஓருடலில் நிகழும் துணிவு. பாடும் நடிகரை மீண்டும் உருவாக்காமல் தமிழ்ச் செவ்வியல் படம் எதனையும் இசை நாடகமாக்க முனைவது, ஒலிப்பதிவுக்கு ஆடும் நடனத்தின் விலையுயர்ந்த வடிவமாகவே முடியும்.

அப்பாடும் நடிகர் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. ஆலைச் சுவர்களுக்கு அப்பால் திரௌபதி அம்மன் கோயில் களத்தில் ஆண்டுதோறும் பாடுகிறார். அங்குப் பெண்ணுக்கு இடமில்லாக் குறையை மும்பை மேடையும், அங்குள்ள பார்வையாளர் உறவை இழந்த மும்பை மேடையின் குறையைக் கூத்தும் சுட்டிக்காட்டுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று திருத்தவல்லவை.

தொழிற்சாலை ஆண்டுவிழா மேடைகளில் திரைப்பாட்டுக்கு உதடசைத்து ஆடும் தொழிலாளர்களை இக்கட்டுரையாளர் களப்பணியில் பலமுறை கண்டதுண்டு. அவர்களுள் சிலர் கூத்துக் குடும்பத்தினர், ஊரில் பாடுபவர்கள். பணியிட மேடையில் அவர்கள் வாய் அசைகிறது. குரல் பெட்டியிலிருந்து வருகிறது. அவ்வாய்களுக்கு அவரவர் குரலைத் திருப்பித் தரும் மேடை எது என்பதே, இம்மேடையாக்கம் தமிழ் அரங்காய்வின்முன் வைக்கும் வினா.